எத்தன பங்கு தம்பி? – ஸ்டேக்ஹோல்டர்னா யாரு, அவங்கள எப்படி பிரிக்கிறது

கடலூர் முதுநகர் தாண்டி ஒரு குப்பத்துல கருவாடு காயவைக்க ஷெட் கட்டுற வேலை, நான் அதுல கோஆர்டினேட்டர். மொத மீட்டிங்ல பேப்பர கையில வச்சிக்கிட்டு "இந்தத் திட்டத்துல நீங்க எல்லாருமே பங்குதாரர்கள்"னு ஆரம்பிச்சேன், பேப்பர்ல அப்படித்தான் மொழிபெயர்த்து குடுத்திருந்தாங்க. முன்னாடி உக்காந்திருந்த ஒரு அண்ணன் உடனே கேட்டாரு, "எத்தன பங்கு தம்பி? மொதல் போட்டவனுக்கு எவ்ளோ, ஆளுக்கு எவ்ளோ?" டீசல் செலவு கழிச்சிட்டு படகுக்கு இத்தன, வலைக்கு இத்தன, ஆளுக்கு இத்தனன்னு பங்கு பிரிக்கிற ஊரு அது, பங்குன்னா அங்க காசு. நான் திருதிருன்னு முழிச்சேன், எல்லாரும் சிரிச்சாங்க, மீட்டிங் டீயோட முடிஞ்சிடுச்சு.

அதனால இந்தக் கட்டுரைல பங்குதாரர்ங்கிற வார்த்தையே வேணாம், ஸ்டேக்ஹோல்டர்னே வச்சிக்கலாம். பங்குதாரர்னா கம்பெனில ஷேர் வச்சிருக்கவரு, ஸ்டேக்ஹோல்டர் அதவிட ரொம்பப் பெரிய கூட்டம். 1963லயே ஸ்டான்ஃபோர்டு ரிசர்ச் இன்ஸ்டிடியூட்ல உள்ளுக்குள்ள சுத்துன ஒரு குறிப்புல இந்த வார்த்தை வந்திருக்கு, யாரோட ஆதரவு இல்லாட்டி நிறுவனமே இல்லையோ அவங்கன்னு அதுல அர்த்தம். அப்பறம் 1984ல எட்வர்ட் ஃப்ரீமேன்னு ஒரு பேராசிரியர் அத இன்னும் அகலமா ஆக்குனாரு: உங்க வேலைய பாதிக்கக் கூடியவங்க, உங்க வேலையால பாதிக்கப்படக் கூடியவங்க, ரெண்டு பேருமே ஸ்டேக்ஹோல்டர். இந்த ரெண்டையும் மனசுல தனித்தனியா வச்சிக்கங்க, ஏன்னா நம்மாளுங்க லிஸ்ட் போடும்போது மொத பாதி மட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். யாரு கையெழுத்து போடணும், யாரு காசு குடுக்கணும், யாரு தடுப்பாங்க. யாருக்கு என்ன போகும்ங்கிறது கடைசிலதான் வரும், சில சமயம் வராமலே போயிடும்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி லிஸ்ட் வேணும்ல. நாங்க ஆபீஸ்ல உக்காந்து ஒரு மதியத்துல போட்டோம்: நிதி குடுக்கிற தொண்டு நிறுவனம், மீன்வளத்துறை, கலெக்டர் ஆபீஸ், ஊர் மீனவ பஞ்சாயத்தார், மகளிர் குழு, பேங்க், மேஸ்திரி, மீன் பரத்திக் காயவைக்கிற இரும்பு ராக் செஞ்சி குடுக்கிற வெல்டிங் பட்டறை, காராமணிக்குப்பம் சந்தைல கருவாடு வாங்குற வியாபாரிங்க. பதினாலு வரி வந்துச்சு, சூப்பர்னு மூடிட்டோம். ஃபேன் காத்துல போட்ட லிஸ்ட்ல ஓட்டை இருக்கும், இத பின்னாடிதான் தெரிஞ்சிக்கிட்டேன்.

இப்ப பிரிக்கிறதுக்கு வருவோம். எந்த ட்ரெய்னிங் போனாலும் மொதல்ல போர்டுல வரையுறது பவர்-இன்ட்ரஸ்ட் கட்டம்தான். ஒரு சதுரத்த நாலா வகுந்துக்கங்க, மேல போகப்போக பவர் அதிகம், வலது பக்கம் போகப்போக அக்கறை அதிகம். பவரும் இருக்கு அக்கறையும் இருக்குன்னா அவங்கள கூடவே வச்சிக்கணும், ஒவ்வொரு முடிவுலயும் அவங்க இருக்கணும். பவர் இருக்கு ஆனா நம்ம வேலைல பெருசா அக்கறை இல்லன்னா மனசு கோணாம பாத்துக்கணும், தினம் போய் நச்சரிக்கக் கூடாது. அக்கறை நிறைய, பவர் இல்லன்னா சேதி சொல்லிக்கிட்டே இருக்கணும். ரெண்டும் கம்மின்னா ஒரு கண்ணு வச்சிருந்தா போதும். எங்க லிஸ்ட்ல பஞ்சாயத்தாரும் தொண்டு நிறுவனமும் மொத கட்டம், கலெக்டர் ஆபீஸ் ரெண்டாவது, மகளிர் குழு மூணாவது, சந்தை வியாபாரிங்க நாலாவது. பாக்க ரொம்ப லட்சணமா இருந்துச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஷெட் வர்ற எடத்துல சுண்ணாம்பு கோடு போட்டுட்டு வந்தோம், 40க்கு 20 அடி. சனிக்கிழமை காலைல மேஸ்திரி போன் பண்றாரு, "சார், கோட்டு மேல பூரா வலை கெடக்குது, கை வைக்க பயமாருக்கு". போய் பாத்தா ஒன்னு இல்ல ரெண்டு இல்ல, நாலு படகு வலை, பச்சையும் நீலமுமா மலை மாதிரி. அங்க வலைய செருப்புக்காலோட மிதிச்சாலே சண்டை வரும், எடுத்து ஓரம் போடுறதெல்லாம் நடக்கிற கதையா. பூவரச மரத்தடில ஒரு பெரியவரு, எழுபது வயசு இருக்கும், கால் கட்டைவிரல்ல கண்ணிய மாட்டி இழுத்துப் புடிச்சிக்கிட்டு ஊசியால பொத்தல் அடைச்சிட்டு இருக்காரு. கண்ண வேலைல இருந்து எடுக்காமயே சொன்னாரு: "எடுத்துக்க தம்பி, யாரு வேணாம்னா. எங்க போடுறதுன்னு மட்டும் சொல்லிட்டு எடு."

அவரு எங்க பதினாலு வரில எங்கயும் இல்ல.

பஞ்சாயத்தார்கிட்ட ஓடுனேன். நல்ல மனுஷங்க, எடத்த எழுதி குடுத்தவங்களே அவங்கதான், ஆனா "பெருசுகிட்ட நீயே பேசிக்கப்பா"ன்னு நழுவிட்டாங்க. ஏன்னு டீக்கடைல விசாரிச்சப்பதான் புரிஞ்சிது, பஞ்சாயத்துல உக்காந்திருக்கவங்க வலையும் அவரு கையிலதான் வரணும், வலை கிழிஞ்சா அவரவிட நேர்த்தியா அடைக்க அந்தக் குப்பத்துல ஆள் இல்ல, அதுவும் இல்லாம பாதி பேருக்கு வலை பின்ன கத்துக்குடுத்தவரே அவருதான். பதவி கிடையாது, ஒரு சங்கத்துலயும் பேரு கிடையாது. ஆனா அவரு வேணாம்னா குழி தோண்ட முடியாது. நாங்க பவர்னு அளந்தது பூரா நாற்காலிய. ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதான், பவருங்கிற கோட்டுல ஒரு ஆள வைக்கும்போது அவரு பதவி என்னன்னு கேக்காதீங்க, "இவரு ஒத்துக்கலன்னா நாளைக்கு காலைல எந்த வேலை நிக்கும்"னு கேளுங்க. அக்கறைக் கோட்டுக்கு, "இது நடந்தா இவருக்கு என்ன போகும், என்ன கெடைக்கும்"னு கேளுங்க. பெருசுக்கு போனது நாப்பது வருஷமா வலை விரிச்ச மண்ணு.

பதினோரு நாள் போச்சு எங்களுக்கு. கடைசில ஷெட்ட வடக்கால தள்ளி, வலை விரிக்க எடம் விட்டு, புதுசா சுண்ணாம்பு போட்டோம்.

மூணாவது கட்டத்துல இருந்த மகளிர் குழு கதை வேற. "சேதி சொல்லிக்கிட்டே இரு"ன்னு கட்டம் சொல்லுதுல்ல, நாங்களும் சொல்லிக்கிட்டேதான் இருந்தோம். ட்ராயிங் முடிஞ்சிடுச்சுன்னு சொன்னோம், ராக் ஆர்டர் குடுத்தாச்சுன்னு சொன்னோம். மொத ராக் வந்து எறங்குன அன்னிக்கு ஒரு அக்கா கைய இடுப்புல வச்சிக்கிட்டு அத அண்ணாந்து பாத்துட்டு கேட்டாங்க, "ஏம்பா, நாங்க என்னா நின்னுக்கிட்டா நெத்திலி பரத்துறோம்?" அஞ்சடி உசரம். அவங்க உக்காந்து அலசி, உக்காந்து பரத்தி, மதியம் ஒரு வாட்டி திருப்பிப் போட்டு, காக்காய வெரட்டிக்கிட்டே அங்கயே சாப்பிட்டு முடிக்கிறவங்க. ட்ராயிங் போட்ட இன்ஜினியருக்கு அது தெரியாது, தப்பும் இல்ல, அவர யாரும் ஒரு நாள் மதியம் அங்க கொண்டுபோய் உக்கார வைக்கல. பட்டறைக்கு திருப்பி அனுப்பி கால வெட்டி உக்காந்தா கை எட்டுற உசரத்துக்கு ஆக்குனோம், அந்தக் கூலி என் தலையில. அந்த மூணாவது கட்டத்து மேல எனக்கு இன்னமும் ஒரு கோவம் உண்டு, பவர் கம்மின்னா காதுல சேதி போட்டா போதும்னு அது பழக்கிடுது. ஷெட்டுல தினம் வேலை செய்யப் போறவங்களே அந்தக் கட்டத்துலதான் மாட்டுவாங்க.

இந்த எடத்துல 1997ல மிட்செல், ஆகிள், வுட்னு மூணு பேரு சேந்து எழுதுன முறை ரொம்ப ஒதவும், சேலியன்ஸ் மாடல்னு பேரு, அதாவது யாரு நம்ம கவனத்துக்கு மொதல்ல வரணும்னு பாக்குறது. ரெண்டு கேள்விக்கு பதிலா மூணு கேள்வி. பவர் இருக்கா, அவங்க கேக்குறது நியாயமா அதாவது கேக்க உரிமை இருக்கா, அவசரம் இருக்கா. மூணு வட்டம் ஒன்னு மேல ஒன்னு படியிற மாதிரி வரைஞ்சா ஏழு துண்டு கெடைக்கும், ஏழும் ஏழு வகை. எல்லா பேரையும் மனப்பாடம் பண்ண வேணாம், ஆளுங்கள வச்சி பாத்தா தானா வரும்.

பவர் மட்டும் இருக்கவங்க தூங்கிட்டு இருக்கவங்க. கடற்கரை ஒழுங்குமுறை விதின்னு ஒன்னு 1991ல இருந்து இருக்கு, கடைசியா 2019ல புது அறிவிப்பு வந்துச்சு, கடலோரம் எது கட்டலாம் எது கூடாதுன்னு சொல்ற விதி அது, அத பாக்குற அதிகாரிங்களுக்கு எங்க ஷெட் இருக்கிறதே தெரியாது, ஆனா யாராவது ஒரு மனு போட்டா முழிச்சிப்பாங்க. முழிக்கிறதுக்கு முன்னாடி நம்ம காகிதம் சுத்தமா இருக்கணும், அவ்ளோதான். நியாயம் மட்டும் இருக்கவங்க, பவரும் இல்ல அவசரமும் இல்ல, எங்களுக்கு அது பக்கத்து ஸ்கூல், என்னிக்காவது பசங்கள கூட்டிட்டு வந்து காட்டணும்னு கேட்டாங்க. அவசரம் மட்டும் இருக்கவரு தினம் போன் பண்ணுவாரு, அவருக்காக திட்டத்த மாத்தணும்னு இல்ல, ஆனா போன எடுங்க.

ரெண்டு ரெண்டா சேரும்போதுதான் சூடு. பவரும் நியாயமும் இருந்தா ஆதிக்கம் உள்ளவங்க, எங்களுக்கு பஞ்சாயத்தாரும் நிதி குடுக்கிறவங்களும். பவரும் அவசரமும் இருந்து நியாயம் இல்லன்னா அவங்களுக்கு அந்தக் கட்டுரைல வச்ச பேரே ஆபத்தானவங்க. மணல் லோடு, ஜல்லி லோடு எல்லாம் என் வண்டிலதான் வரணும்னு ஒருத்தர் வந்து நின்னாரு பாருங்க, அது இந்த வகை. நியாயமும் அவசரமும் இருந்து பவர் இல்லன்னா சார்ந்திருக்கவங்க, அவங்க காரியம் நடக்கணும்னா பவர் உள்ள இன்னொருத்தர் அவங்களுக்காக பேசணும். எங்க மகளிர் குழு அச்சு அசல் இதான். பவர்-இன்ட்ரஸ்ட் கட்டத்துல "சேதி சொல்லு"ன்னு ஒதுங்கிப் போனவங்க, இங்க வந்தா "இவங்களுக்காக யாரு பேசறது"ன்னு ஒரு கேள்வி எழும்புது, அந்தக் கேள்விக்காகவே இந்த முறைய எனக்குப் புடிக்கும். நாங்க செஞ்சது, மீன்வளத்துறைல இருந்து விசிட் வந்த மேடம்கிட்ட அந்த அக்காவையே நேரா பேச விட்டோம், ராக் உசரம் ரிப்போர்ட்ல ஏறுச்சு, அதுக்கப்பறம் யாரும் எதிர்த்துப் பேசல. மூணும் சேந்தவங்கதான் உச்சம், அவங்கள காத்திருக்க வைக்கவே கூடாது. மூணும் இல்லாதவரு ஸ்டேக்ஹோல்டரே இல்ல, வேடிக்கை பாக்குறவரு.

பெருச இதுல எங்க வைப்பீங்க? பவர் உண்டு. நாப்பது வருஷப் புழக்கம், நியாயமும் உண்டு. அவசரம்? இங்கதான் விஷயம் இருக்கு. விசைப்படகுக்கு இந்தக் கிழக்குக் கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், முன்ன 45 நாளா இருந்தது 2017ல கூட்டுனாங்க. அந்த ரெண்டு மாசம்தான் படகெல்லாம் கரைல நிக்கும், வலையெல்லாம் மேல ஏறும், மராமத்து நடக்கும். நாங்க கோடு போட்டது சரியா அந்த நேரம். அதே கோட்ட ஆகஸ்ட்ல போட்டிருந்தா வலை எல்லாம் கடல்ல இருந்திருக்கும், பெருசு மரத்தடில சும்மா உக்காந்து பாத்துட்டு இருந்திருப்பாரு, நாங்களும் "எதிர்ப்பே இல்ல"ன்னு ரிப்போர்ட் எழுதிட்டு கட்டி முடிச்சிருப்போம், அடுத்த ஏப்ரல்ல வெடிச்சிருக்கும். மகளிர் குழுவுக்கு நேர் தலைகீழ், தடைக்காலத்துல மீட்டிங்னா அம்புட்டு பேரும் வருவாங்க, மீன் வர்ற நாள்ல கூப்புட்டா திட்டு விழும், அக்டோபருக்கு மேல மழை புடிச்சா காயப்போட முடியாம இந்த ஷெட்டுதான் அவங்களுக்கு உசுரு. ஒரே ஆளு, ஒரே ஊரு, மாசத்துக்கு ஒரு கட்டம்.

பவர் கட்டத்த யாரு ஆரம்பிச்சாங்கன்னு தேடுனா 1981ல ஆப்ரி மெண்டலோவ் வச்ச கட்டுரைல போய் நிக்கும். அதுல ஒரு பக்கம் பவர் சரி, இன்னொரு பக்கம் அவரு வச்சது அக்கறைய இல்ல, டைனமிசத்த, அதாவது அந்த ஆளோட நெலமை எவ்ளோ வேகமா மாறும்ங்கிறத. பின்னாடி வந்தவங்க அத எடுத்துட்டு இன்ட்ரஸ்ட்ட மாட்டிட்டாங்க, இப்ப எல்லாரும் மெண்டலோவ் கட்டம்னு சொல்றது அந்த மாத்துன படம். கடலோரத்துல வேலை செய்றவன் கேட்டா பழசே தேவலைம்பான்.

இன்னொரு வகைப் பிரிப்பு இருக்கு, ப்ராஜெக்ட்டுக்கு உள்ளாளு வெளியாளுன்னு. இத பாண்டிச்சேரிய வச்சி சொன்னாதான் சரியா ஏறும். பீச் ரோட்டுல பாறாங்கல்லு கொட்டி வச்சிருக்கிறத பாத்திருப்பீங்க, சின்ன வயசுல அங்க மணல்ல வெளையாடுனேன்னு வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1980கள் கடைசில அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல துறைமுகம் கட்டுனாங்க, கடலுக்குள்ள நீட்டி அலைத்தடுப்பு சுவர். நம்ம கரைல மணல் சும்மா கெடக்காது, வருஷத்துல பெரும்பாலும் தெக்க இருந்து வடக்க நகந்துக்கிட்டே இருக்கும். சுவர் குறுக்க வந்ததும் தெக்குப் பக்கம் மணல் சேந்துச்சு, வடக்குப் பக்கம் வர வேண்டிய மணல் வரல, கடல் இருக்கிறதையும் அரிச்சிட்டுப் போச்சு. டவுன் கரை போச்சு, வைத்திக்குப்பம், சோலைநகர் பக்கம் அரிச்சிது, கல்லு கொட்டக் கொட்ட அரிப்பு இன்னும் வடக்க தள்ளிப்போயி எல்லை தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம்னு போய்க்கிட்டே இருந்துச்சு. பின்னாடி 2018 வாக்குல தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல தண்ணிக்குள்ள ஆப்பு வடிவத்துல பெரிய இரும்பு அமைப்பு ஒன்ன எறக்குன பிறகு அந்த எடத்துல மணல் திரும்ப சேர ஆரம்பிச்சிது.

இப்ப அந்தத் துறைமுகத்துக்கு நம்ம பாணில ஒரு லிஸ்ட் போட்டுப் பாருங்க. பொதுப்பணித்துறை, கான்ட்ராக்டர், துறைமுகத்த பயன்படுத்தப் போற படகுக்காரங்க, எல்லாம் வரும். பக்கத்து மாநிலத்துல, வேற மாவட்டத்துல, அந்தத் துறைமுகத்துல கால் வைக்காத ஒரு கட்டுமரக்காரரு வருவாரா? ப்ராஜெக்ட்டோட எல்லை மேப்ல இருக்கும், பாதிப்போட எல்லை மணல் போற வழில இருக்கும். ஃப்ரீமேன் சொன்ன ரெண்டாவது பாதி இங்கதான் உக்காந்திருக்கு. அதனால லிஸ்ட் போடும்போது நான் இப்ப ஒரு வேலை செய்றேன், இந்த வேலைல இருந்து வெளிய போறது என்னென்ன, தண்ணி, பொகை, நாத்தம், சத்தம், லாரி, எது எந்த வழில போவுதுன்னு கூடவே நடந்து பாக்குறது. எங்க ஷெட்டுல மீன் அலசுன உப்புத்தண்ணி சரிவுல எறங்கி ரெண்டு வீட்டு அடிபம்பு பக்கம் போய் தேங்கும்னு அப்படித்தான் கண்டுபுடிச்சோம். பதினாலு வரி இருபத்தொன்னு ஆச்சு.

மத்ததெல்லாம் சீக்கிரம் சொல்லிடலாம். திசைய வச்சி பிரிக்கிறது ஒன்னு, மேல இருக்கவங்க, கீழ நம்ம டீம், வெளிய இருக்கவங்க, பக்கவாட்டுல நம்மள மாதிரியே வேற ப்ராஜெக்ட் பாக்குறவங்க. பெரிய கம்பெனில ஒதவும், எங்கள மாதிரி மூணு பேரு இருக்க எடத்துல வீண். நெனப்ப வச்சி பிரிக்கிறது இன்னொன்னு, அஞ்சு படி: விஷயமே தெரியாதவங்க, எதிர்க்கிறவங்க, ரெண்டுங்கெட்டான், ஆதரிக்கிறவங்க, தானே முன்ன நின்னு இழுத்துட்டுப் போறவங்க. ஒவ்வொருத்தரும் இப்ப எங்க நிக்கிறாங்க, நமக்கு எங்க நிக்கணும்னு ரெண்டு குறி போட்டா நடுவுல இருக்கிற தூரம்தான் நம்ம வேலை. எல்லாரையும் கடைசிப் படிக்கு இழுக்க ஆசைப்படாதீங்க, எதிர்க்கிறவரு சும்மா இருந்தாலே பல நேரம் போதும். பிஎம்பிங்கிற ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் பரீட்சைக்குப் படிக்கிறவங்களுக்கு ஒரு தகவல், அத நடத்துற பிஎம்ஐ அமைப்பு தன்னோட வழிகாட்டில ஸ்டேக்ஹோல்டர் விஷயத்த தனிப் பாடமா பிரிச்சது 2013 ஐந்தாம் பதிப்புலதான், அதுக்கு முன்ன கம்யூனிகேஷன் பாடத்துக்குள்ள ஒண்டிக்கிட்டு இருந்துச்சு.

எந்த முறைல பிரிச்சாலும் கடைசில எல்லாம் ஒரு எக்ஸெல் ஷீட்டுக்கு வரும், ஸ்டேக்ஹோல்டர் ரெஜிஸ்டர்னு சொல்வாங்க. பேரு, போன் நம்பர், என்ன வேணும், எந்தக் கட்டம், யாரு போய் பேசணும், எப்ப. ரிமார்க்ஸ் காலம்னு ஒன்னு இருக்கும், அதுல ஜாக்கிரதை. நான் ஒருத்தர் பேருக்கு நேரா "பிரச்சனை பண்ணுவார்"னு எழுதி வச்சிருந்தேன், ஒரு மீட்டிங்ல லேப்டாப்ப ப்ரொஜெக்டர்ல மாட்டுனப்ப தொறந்திருந்தது அந்த ஷீட், அவரு ரெண்டாவது வரிசைல. படிச்சிட்டு ஒன்னும் சொல்லல, மீட்டிங் முடிஞ்சி போகும்போது "அப்ப பண்ணிட வேண்டியதுதான்"னு சிரிச்சாரு. சிரிச்சாருதான், எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல. இப்ப ரிமார்க்ஸ்ல அவங்க வாயால சொன்னத மட்டும் எழுதறேன், "வண்டி வாடகை கேட்டார்", "ராக் உசரம் வேணாம்னாங்க", அந்த மாதிரி, யாரு படிச்சாலும் பரவால்ல.

மாசம் ஒரு தடவ ஷீட்ட தொறந்து கட்டம் மாறியிருக்கான்னு பாக்குறதும், ஏப்ரல் பொறந்தா கட்டாயம் பாக்குறதும் பழக்கமாயிடுச்சு. பதினஞ்சாவது வரி பெருசோடது. பவர்னு இருக்க எடத்துல உயர்வுன்னு போட்டிருக்கு. போன் நம்பர் காலத்துல மட்டும் நம்பர் இல்ல, அவருகிட்ட போன் கிடையாது, "காலை 7க்கு மேல, பூவரச மரத்தடி, வெத்தல வாங்கிட்டுப் போகணும்"னு இருக்கு.